சுவரில் கோலம் தெரிகிறது என்றார் அத்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா நோய்க்கான விழிப்புணர்வு வாரத்தை ஒட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்ணின் நீர் அழுத்தம், சொட்டு மருந்தை ஒருநாள் விடாமல் போடுவது, நாற்பது வயதுக்கு மேல் கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது என்று தேவையானதெல்லாம் அதில் இருந்தது. ஆனால் பார்வை போன பிறகு அந்த வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. அது தெரியாததால் எங்கள் வீட்டில் ஒரு வயதான மனுஷி பதினாலு மாதம் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுத்துக்கொண்டு முழுவதையும் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். 33 வருடம் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து 2022-இல் ஓய்வு பெற்றேன். என் மாமியாருக்கு 84 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா. கண்டுபிடிக்கும்போதே பாதிப் பார்வை போயிருந்தது. அப்புறம் விழித்திரையின் நடுப்பகுதியும் தேய்ந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது நிழல்போலத் தெரியும், முகம் தெரியாது. என்னைக் காலடிச் சத்தத்தில்தான் கண்டுகொள்வார். ஆனால் நினைவு அப்படியே இருக்கிறது. பேரன் பேத்திகளின் பிறந்த நட்சத்திரம், எந்த வயலை எந்த வருடம் யாருக்கு ஒத்திக்கு விட்டோம், எல்லாம் வாயிலேயே வைத்திருப்பார்.

முதலில் எனக்குத் தட்டுப்பட்டது ஒரு காபி விஷயத்தில். கார்த்திகை மாதம். திருச்சியிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். அவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, நான் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அத்தை நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார். "அந்தப் பிள்ளைங்களுக்கும் சேத்துப் போடும்மா. வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்குதுங்க."

எந்தப் பிள்ளைகள் என்று கேட்டேன்.

"மாப்பிள்ளைக்குப் பின்னாடி. மூணு பேரு. சின்னச் சின்னதா, தலைப்பா கட்டிக்கிட்டு."

கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. மகள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் அத்தைக்குப் புரிந்துவிட்டது. "சரி, ஒண்ணுமில்ல" என்று டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அதற்கப்புறம் அவராக எதையும் சொல்லவில்லை. சொல்லவில்லையே தவிர நடவடிக்கை மாறியது. திண்ணையில் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரமாட்டார். முதலில் கைத்தடியால் அந்த இடத்தைத் துழாவிப் பார்ப்பார். சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன்னால் தனியாக இருக்க மறுத்தார். வயசாகிவிட்டது, புத்தி கொஞ்சம் தடுமாறுகிறது என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம்.

மார்கழியில் ஒருநாள். விடிகாலை ஐந்து மணி இருக்கும். வாசலில் கோலம் போட்டுவிட்டு மாவுக் கிண்ணத்தோடு உள்ளே வந்தேன். அத்தை கூடத்துச் சுவர் பக்கம் நின்றுகொண்டிருந்தார். முகம் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில். வலதுகை ஆள்காட்டி விரல் சுவரில் போய்க்கொண்டிருந்தது. மேலே ஏறியது, வளைந்தது, ஒரு இடத்தைச் சுற்றி வந்தது, கீழே இறங்கி அடுத்ததைச் சுற்றியது. சிக்குக் கோலத்துக்கு இழை போடும்போது கை எப்படிப் போகுமோ அப்படி. பிறகு விரலை எடுத்தார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் அதே இடத்தில் வைத்தார்.

என்ன அத்தை என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"செவுரு பூராவும் கோலம் போட்டிருக்கும்மா. தரையிலேர்ந்து உத்தரம் வரைக்கும். எளஞ்செவப்புல. ஒரு எழ தப்பல, ஒரு புள்ளி தப்பல. தொட்டா மாவு ஒட்ட மாட்டேங்குது. இந்தா, நீ பாரு."

விரலை என் பக்கம் நீட்டினார். அதில் ஒன்றுமில்லை. என் விரலில்தான் மாவு இருந்தது. ஒன்றுமில்லை அத்தை என்றேன். "எனக்கும் தெரியும், ஒண்ணுமில்லன்னு. அதான் பயமா இருக்கு" என்றார்.

அந்த ஒரு பேச்சை நான் அன்றைக்கே சரியாகக் காதில் வாங்கியிருந்தால் மற்றதெல்லாம் நடந்திருக்காது. அவருக்கு அது நிஜமில்லை என்று தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் பயந்தார். அவருடைய பெரியப்பா மகள் ஒருவரை அந்தக் காலத்தில் பைத்தியம் என்று சொல்லி மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில் அடைத்து வைத்திருந்தார்களாம். ஜன்னல் வழியாகத்தான் சாப்பாடு போகும். கல்யாணத்துக்கு முன்னால் தினமும் அந்தத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது அத்தைதான். ஆறேழு வருடம். இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. தெருவில் ஒருவர் சொன்னார், மற்றொருவர் ஆமாம் என்றார். குறி பார்க்கப் போனோம். கொல்லையில் இருந்த பழைய வேப்பமரத்தை வெட்டியதால் வந்த குற்றம் என்றார்கள். தாயத்து, மூன்று வெள்ளிக்கிழமை மந்திரிப்பு என்று 3,500 ரூபாய் ஆனது. கோலமும் போகவில்லை, தலைப்பாகைக்காரர்களும் போகவில்லை. கிணற்றடியில் அரக்குப் புடவை கட்டிய ஒரு பெண் வேறு நிற்க ஆரம்பித்தாள்.

பிறகு டவுனில் ஒரு தனியார் மருத்துவரிடம் கூட்டிப் போனோம். கூட்டம் அதிகம். என் வீட்டுக்காரர்தான் பேசினார். "அம்மாவுக்கு இல்லாத ஆள் தெரியுது சார்" என்றார். மருத்துவர் அத்தையிடம் பெயரும் வயதும் கேட்டார். கண் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மூப்பில் வரும் மனக்கோளாறு என்று ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதினார். அதைப் போட்டதிலிருந்து அத்தை பகலிலும் தள்ளாடினார். ஒன்பதாம் நாள் கொல்லைப்படியில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் சாப்பாட்டை நான் பிசைந்து ஊட்டினேன். அப்போதும் அவர் கண் நான் இருக்கும் இடத்தைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். கேட்டால் தலையை ஆட்டிவிடுவார்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்கிறோம். குறிகாரரிடம் விசாரித்தோம், அக்கம்பக்கத்தில் விசாரித்தோம். பார்க்கிறவரிடம் மட்டும் விசாரிக்கவில்லை.

விசாரித்தது ஒரு சின்னப் பெண். கண் அழுத்தம் பார்க்கத் தஞ்சாவூரில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போயிருந்தோம். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்னால் பார்வையைச் சோதிக்கிற பெண், என் மகளைவிட இளையவள். சொட்டு மருந்து விட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்: "பாட்டி, இல்லாத ஆளுங்க, பூவு, கட்டம், டிசைன் அந்த மாதிரி ஏதாவது கண்ணுக்குத் தெரியுதா? பார்வை கொறஞ்ச நெறைய பேருக்குத் தெரியும். பயப்பட ஒண்ணுமில்ல."

அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து மருந்தா கண்ணீரா தெரியாமல் வழிந்துகொண்டே இருக்க, பதினாலு மாதத்தையும் சொல்லி முடித்தார். எனக்கு அன்றுதான் பாதி விஷயமே தெரியும். அந்த அரக்குப் புடவைக்கு மஞ்சள் கரை, கரையில் கோபுர வரிசை. என் முகத்தில் மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாதவருக்கு அந்தக் கரையின் ஒவ்வொரு இழையும் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண் வாயைத் திறப்பாளாம், சத்தம் வராதாம். அத்தையை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லையாம்.

மருத்துவர் நிறையக் கேட்டார். சத்தம் கேட்கிறதா, அவர்கள் உங்களிடம் பேசுகிறார்களா, ஏதாவது செய்யச் சொல்கிறார்களா. ஞாபகத்தைச் சோதித்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார், கை நடுங்குகிறதா என்று பார்த்தார், சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் வாங்கிப் பார்த்தார், சிறுநீர்ப் பரிசோதனைக்கும் எழுதினார். பார்க்கின்சன் நோயிலும், ஒருவகை மறதி நோயிலும், முதியவர்களுக்குக் கிருமித்தொற்று வரும்போதும், சில மருந்துகளாலும் இப்படி உருவங்கள் தெரியலாம் என்பதால் அதையெல்லாம் முதலில் விலக்க வேண்டும் என்றார். விலக்கிவிட்டுச் சொன்னார்: இது சார்லஸ் போனே சிண்ட்ரோம். மனநோய் இல்லை. மூளை தன் வேலையைச் செய்கிறது.

அன்று ராத்திரி மகள் போனில் தேடி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு எங்களுக்குப் படித்துக் காட்டினாள். ஜெனீவாவில் சார்லஸ் லுல்லின் என்று ஒரு பெரியவர். தொண்ணூறை நெருங்கியவர். கண்புரைக்கு அறுவை செய்தும் பார்வை மங்கிப்போனது. 1758-இல் அவருக்கு உருவங்கள் தெரிய ஆரம்பித்தன. ஒருநாள் பேத்திகள் இரண்டு பேர் அவரைப் பார்க்க வந்திருக்கிறார்கள். அவர்களோடு சிவப்பிலும் சாம்பல் நிறத்திலும் மேலங்கி போட்டு, வெள்ளிச் சரிகை வைத்த தொப்பியோடு இரண்டு இளைஞர்கள் நிற்பது பெரியவருக்குத் தெரிந்தது. இவ்வளவு லட்சணமான ஆட்களைக் கூட்டி வந்திருக்கிறீர்களே, வருவதாக எனக்குச் சொல்லவில்லையே என்று கேட்டாராம். யாரும் வரவில்லை தாத்தா என்று பேத்திகள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெரியவரின் பேரன்தான் சார்லஸ் போனே. தாத்தா சொன்னதைக் கேலி செய்யாமல், பயப்படாமல், உட்கார்ந்து கேட்டார். 1760-இல் அதைத் தன் புத்தகத்தில் எழுதினார். தாத்தாவுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, பார்ப்பது நிஜமில்லை என்று அவருக்கே தெரிகிறது என்பதையும் சேர்த்து எழுதினார்.

மகள் படித்து முடித்ததும் அத்தை கேட்டார்: "அவருக்கும் மூணு பேரா?" இரண்டு பேர் என்றாள் மகள். "தலையில என்ன?" தொப்பி. அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இன்னொரு தரம் படிடி" என்றார். பதினாலு மாதத்தில் அன்றுதான் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினார்.

இது எப்படி நடக்கிறது என்று மருத்துவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நாம் கண்ணால் பார்க்கிறோம் என்று நினைக்கிறோம். கண் சரக்கைக் கொண்டுவந்து இறக்குகிறது, அவ்வளவுதான். சமையல் பிடரிப் பக்கத்து மூளையில் நடக்கிறது. புலன் உணர்வு வேறு, அதை வைத்து மூளை கட்டுகிற காட்சி வேறு. எங்கள் சத்துணவுக் கூடத்தில் சில நாள் சாமான் வந்து சேராது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். அடுப்பை அணைக்க முடியாது. இருப்பில் என்ன இருக்கிறதோ அதை வைத்துச் சமையலம்மா உலை வைத்துவிடுவார். அத்தையின் கண்ணிலிருந்து சரக்கு வருவது நின்றுபோனது. மூளையின் அடுப்பு அணையவில்லை. இருப்பில் இருந்ததைப் போட்டுச் சமைத்துக்கொண்டிருக்கிறது. சேதி வராத நரம்பணுக்கள் சும்மா கிடக்காமல் அளவுக்கு மீறித் துடிக்க ஆரம்பித்துவிடும் என்றார் மருத்துவர்.

இது வெறும் ஊகம் இல்லை. லண்டனில் டொமினிக் ஃபிட்ச் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் இப்படி உருவம் பார்க்கிறவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, உருவம் தெரியும் நேரத்தில் மூளையைப் படம் பிடித்து, 1998-இல் வெளியிட்டார்கள். முகம் தெரிகிறது என்று சொன்னபோது, நாம் நிஜ முகத்தைப் பார்த்தால் எந்த இடம் வேலை செய்யுமோ அதே இடம் வேலை செய்தது. நிறம் தெரிந்தபோது நிறத்துக்கான இடம். ஒருவர் மனதுக்குள் கற்பனை செய்துகொள்வது வேறு, இது வேறு என்பது அதில் தெளிவானது. அத்தை கோலத்தை நினைத்துப் பார்க்கவில்லை. பார்த்தார்.

அமெரிக்காவில் நல்ல பார்வை உள்ள 13 பேருக்கு ஐந்து நாள் தொடர்ந்து கண்ணைக் கட்டி வைத்தார்கள். 2004-இல் வந்த ஆய்வு. அதில் 10 பேருக்கு இல்லாத காட்சிகள் தெரிந்தன. பெரும்பாலோருக்கு முதல் நாள் முடிந்ததுமே ஆரம்பித்துவிட்டது. கட்டை அவிழ்த்ததும் போய்விட்டது. ஆக, உங்களுக்கோ எனக்கோ வர ஐந்து நாள்கூட வேண்டாம்.

நம்பச் சிரமமாக இருந்தால் இந்தப் பத்திரிகையை வைத்தே ஒன்று செய்து பாருங்கள். ஓரத்து வெள்ளைப் பகுதியில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அதற்கு வலப்பக்கம் நாலு விரற்கடை தள்ளி, அதே மட்டத்தில், மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பாருங்கள். ஒரு கை தூரத்திலிருந்து தாளை மெதுவாக முகத்தை நோக்கிக் கொண்டுவாருங்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை வாங்கும் அணுக்கள் கிடையாது. புள்ளி அங்கே விழுந்துவிட்டது. எட்மே மாரியோத் என்ற பிரெஞ்சுக்காரர் 1660-களிலேயே கண்டு சொன்னது இது. ஆனால் நான் கவனிக்கச் சொல்வது புள்ளி போனதை இல்லை. அது போன இடத்தில் ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாது. வெள்ளைத் தாள்தான் தெரியும். அந்த வெள்ளையை உங்கள் கண் பார்க்கவில்லை. பக்கத்தில் இருப்பதை வைத்து மூளை பூசி மெழுகிக் கொடுத்தது. பிறந்த நாள் முதல் நம் எல்லோருக்கும் ஒவ்வொரு கண்ணிலும் இது நடந்துகொண்டே இருக்கிறது. அத்தைக்கு மூளை பூச வேண்டிய இடம் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே எடுத்த ஒருவர் இருக்கிறார். இல்லாத கட்டைவிரல் அரிக்கிறது என்பார். அதை எல்லோரும் நம்புகிறோம், ஐயோ பாவம் என்கிறோம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், இப்படி இல்லாத உறுப்பில் வரும் வலிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்துச் சிகிச்சை கண்டுபிடித்ததை உங்களைப் போன்ற பத்திரிகைகள் பெருமையோடு எழுதியிருக்கின்றன. காது கேட்காமல் போன முதியவர்கள் சிலருக்கு எங்கோ பாட்டுக் கச்சேரி நடப்பது போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒரே குடும்பம். கால் போனவருக்குக் கால் தெரிந்தால் அனுதாபப்படுகிறோம். கண் போனவருக்குக் காட்சி தெரிந்தால் மட்டும் ஏன் வேப்பிலை எடுக்கிறோம்?

பார்வை பெரிதும் குறைந்த முதியவர்களில் பத்தில் ஒருவருக்காவது இது வருகிறது என்றார் மருத்துவர். எனக்கு அது குறைச்சலாகத்தான் படுகிறது, ஏனென்றால் சொல்கிறவர்கள் குறைவு. இந்த விஷயம் தெரிந்தபின் நான் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தேன். பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், சர்க்கரையால் விழித்திரை கெட்டுப்போனவர், ஒருநாள் ரேஷன் கடையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். இரண்டு வருடமாக அவருக்குச் சுவரில் எழுத்து தெரிகிறதாம். வரி வரியாக, கறுப்பு மையில், கரும்பலகையில் எழுதியது போல நேர்த்தியாக. பார்க்கத் தமிழ் மாதிரியே இருக்கும், கிட்டே போய்ப் படிக்கப் போனால் ஒரு எழுத்தும் எழுத்தாக இருக்காது. "நானே வாத்தியாரும்மா. என் கண்ணு முன்னாடி எழுதியிருக்கிறதை என்னால படிக்க முடியல" என்றார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. எழுத்து மாதிரி வரிகள் தெரிவதும் இதில் ஒரு வகைதான் என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். அவர் அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

அதனால்தான் கேட்கிறேன். கிளாக்கோமாவாலோ, சர்க்கரையாலோ, விழித்திரைத் தேய்வாலோ இனி பார்வை திரும்பாது என்று ஒருவரிடம் சொல்லும்போது, கண் மருத்துவர்கள் அதோடு இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்லவேண்டும்: இல்லாத உருவங்கள் தெரியலாம். தெரிந்தால் பயப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள். வருவதற்கு முன்னால் சொல்லிவிட்டால் பாதிப் பயம் இல்லை. நம் மாநிலத்தில் ஊர் ஊராக இலவசக் கண் முகாம் நடக்கிறது. நான் வேலை பார்த்த பள்ளியிலேயே எத்தனையோ முறை நடந்திருக்கிறது. அந்தச் சீட்டில் சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்கிற இடத்தில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடி வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் பெண்ணிடம் நான் சொன்னேன். அதற்கப்புறம் பார்வை மங்கிய முதியவர்கள் இருக்கும் வீட்டிலெல்லாம் அவரும் கேட்கிறார். அவரை யாரும் கேட்கச் சொல்லவில்லை. கேட்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்தால் எல்லோரும் கேட்பார்கள்.

மற்ற மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதியவர் ஒருவருக்கு உருவம் தெரிகிறது என்று வீட்டார் வந்து சொன்னால், மாத்திரை எழுதுமுன் பார்வை எப்படி என்று கேளுங்கள். பார்க்கிறவரிடமே கேளுங்கள், கூட வந்தவரிடம் இல்லை. அந்தத் தனியார் மருத்துவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அவருக்கு அன்று எங்களுக்குக் கொடுக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது என்பதும் தெரியும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் இந்தக் கேள்விக்கு இடம் இருந்தது.

அத்தைக்கு இதற்கென்று மருந்து எதுவும் தரவில்லை. உருவம் தெரிந்தால் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். இருட்டும் தனிமையும் சேர்ந்தால் கூடும் என்பதால் சாயங்காலமே விளக்கைப் போட்டு, யாராவது பேச்சுக்கொடுத்துக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். பலருக்கு நாளாக ஆகக் குறையும், சிலருக்கு வருடக்கணக்கில் தொடரும் என்றார்கள். தலைப்பாகைக்காரர்கள் இப்போது வருவதில்லை. அரக்குப் புடவைக்காரி எப்போதாவது. கோலம் மட்டும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருகிறது. வந்தால் என்னைக் கூப்பிட்டுச் சொல்வார். நான் நோட்டும் பேனாவும் எடுத்து வந்து உட்காருவேன். அவர் பார்த்துப் பார்த்துச் சொல்ல, நான் புள்ளி வைத்துக்கொள்வேன். பதினோரு கோலம் சேர்ந்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை அதில் ஒன்றை வாசலில் போட்டேன்.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று அத்தையிடம் கேட்டேன். "எழுது. என் பேரைப் போடாதே. ஆனா நடந்ததைக் கொறைக்காதே" என்றார். அதனால் என் பெயரையும் வெளியிட வேண்டாம். இந்தக் கடிதம் யாருக்குப் போய்ச் சேரவேண்டுமோ அவர்களால் பத்திரிகை படிக்க முடியாது. வீட்டில் பார்வை குறைந்த பெரியவர்கள் இருந்தால், இதைப் படிக்கிறவர்கள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.